பெரியப்பா ஒதுக்கிய மாத்திரை

2018 பொங்கலுக்கு மயிலாடுதுறைக்குப் போயிருந்தேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் கணுக்கால், வேட்டி விளிம்புக்குக் கீழே பளபளவென்று வீங்கியிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விழுந்த குழி மேடேற வெகுநேரம் ஆனது.

"வயசாச்சும்மா. நீர் கோத்துக்கிட்டிருக்கு" என்றார். மாடிப்படி ஏறினால் தொடை தளர்ந்துபோய்ப் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள். மாத்திரை வைத்திருக்கும் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

பழைய பிஸ்கட் டின் ஒன்று வந்தது. அதில் அவருடைய புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் புட்டி இருந்தது: 250 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு நான்கு. எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது. கூடவே எழுதிக்கொடுத்த பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் அட்டைகள், காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று போட வேண்டியவை, ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல் ரப்பர் பேண்டு போட்டபடி கிடந்தன.

"அது ஸ்டீராய்டு இல்லையா? உடம்பு ஊதிப்போகும், சர்க்கரை ஏறும்னு வாக்கிங்ல சொன்னாங்க. புத்துநோய்க்கான மருந்து அந்த நாலு மாத்திரைதானே. அதை நான் ஒரு நாள்கூட விடலை" என்றார். விடவில்லைதான். தினமும் இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு போட்டிருக்கிறார். மாத்திரையைப் புட்டியிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தவள் பேரன் மனைவி. அவளுக்கு அப்போது ஆறாவது மாதம்.

ஒரே வீட்டில் மூன்று தவறுகள். யாரும் அலட்சியத்தால் செய்ததல்ல. மூன்றுமே அன்பாலும் ஒழுங்காலும் செய்யப்பட்டவை. அன்று மாலையே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் 180க்கு 100. ரத்தத்தில் பொட்டாசியம் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டியது. மருத்துவர் அபிராடெரோனைச் சில நாள் நிறுத்திவைத்து, பொட்டாசியத்தை ஏற்றிச் சரிசெய்து, பிரெட்னிசோலோனோடு சேர்த்துத்தான் மறுபடி தொடங்கினார்.

பெரியப்பா ரயில்வேயில் கார்டாக 34 ஆண்டுகள் இருந்தவர். திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்க ரூல் புக்குல ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு ஆக்ஸிடென்ட் இருக்கும். எந்த ஆக்ஸிடென்ட்டுன்னு சொல்லிக் குடுத்தா எவனும் மீற மாட்டான். இந்த மாத்திரைக்கு அப்படி யாரும் எனக்குச் சொல்லலையே."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. எத்தனை ஆயிரம் கவர்களில் 1-0-1 என்று எழுதி, "சாப்பிட்டுப் போடுங்க", "வெறும் வயித்துல போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருப்பேன்! அந்தப் பொங்கல் விடுமுறையில் மூன்று மாலைகள் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். அதைத்தான், பின்னால் வந்தவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருப்பது. விரை நீக்கப்பட்ட விலங்குகளில் அது சிறுத்துவிடுகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் கவனித்து எழுதியிருக்கிறார். 1890களில் ஃபிலடெல்பியாவின் வில்லியம் ஒயிட், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்ட முதியவர்களுக்கு விரையை அகற்றிப் பார்த்தார். ஏன் சிறுக்கிறது என்பதற்கு அப்போது யாரிடமும் விடை இல்லை. அந்த வழக்கமும் மங்கிவிட்டது. விரையில் ஊறும் டெஸ்டோஸ்டிரோனைத் தனியே பிரித்து, பெயரிட்டு, ஆய்வகத்தில் செய்தும் காட்டியது 1935இல்தான்.

அடுத்த காட்சி சிகாகோ. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 1901இல் பிறந்த சார்லஸ் ஹக்கின்ஸ், 1927இல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். புராஸ்டேட் சுரக்கும் நீரை அளந்து ஆராய அவர் தேர்ந்தெடுத்தவை நாய்கள். மனிதனைப் போலவே வயதானால் புராஸ்டேட் பருக்கும் மிகச் சில விலங்குகளில் நாய் ஒன்று. அளவெடுக்கும்போது கிழட்டு நாய்களின் பருத்த சுரப்பி கணக்கைக் குழப்பியது. தொடக்கத்தில் அது அவருக்கு இடைஞ்சலாகவே பட்டது. ஆனால் அந்த நாய்களின் விரையை நீக்கினாலோ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தாலோ, சுரப்பி சுருங்குவதைக் கண்டார். ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக வந்ததையே ஆராய்ச்சியாக்கிக்கொண்ட அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

மனிதர்களிடம் சோதிக்க அளவுகோல் ஒன்று வேண்டும். அது 1938இல் கிடைத்தது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் ஆசிட் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி மிகுந்திருப்பதை நியூயார்க்கில் குட்மன் தம்பதியர் காட்டினார்கள். இன்று நோயின் போக்கை அறிய பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பதுபோல அன்றைக்கு அது. ஹக்கின்ஸும் அவருடைய மாணவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் நோய் முற்றியவர்களின் விரையை நீக்கி, நாள்தோறும் அந்த நொதியை அளந்தார்கள். இறங்கியது. ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் மறுபடி ஏறியது. 1941இல் வெளியான அவர்களுடைய கட்டுரைகளில் ஒன்று 21 நோயாளிகளைப் பற்றியது. எலும்பு வலியில் புரண்டவர்கள் சில நாட்களில் வலி அடங்கி எழுந்தார்கள். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. புற்றுநோய் கட்டவிழ்ந்து தன்னிச்சையாக வளர்வது, அதற்கு எதன் தயவும் வேண்டாம் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் பட்டினி கிடக்கும் என்று காட்டிவிட்டார்கள். 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெரியப்பாவுக்கும் 2015இல் அந்த அறுவைதான் நடந்தது. வீட்டில் எல்லோரும் அதைச் "சின்ன ஆபரேஷன்" என்பார்கள். அந்தப் பெயருக்குள் ஓர் ஆண் எதையெல்லாம் விழுங்கிக்கொள்கிறான் என்பதை என் ஜன்னலில் வந்து நின்ற முகங்களில் பார்த்திருக்கிறேன். நெஞ்சிலிருந்து முகம்வரை திடீரென்று பரவும் அனல், நடுராத்திரி வியர்வை, மார்பு கனத்து வலிப்பது, ஆசை அற்றுப்போவது. மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும். அனல் பரவுவதற்கும் மார்பு வலிக்கும் செய்யக்கூடியவை உண்டு, மருத்துவரிடம் வாய்திறந்தால்.

கத்தி வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரை வந்ததும் அதே காலத்தில்தான். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் 1938இல் செய்த டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், விலை மலிந்த செயற்கை ஈஸ்ட்ரோஜன். நாளுக்கு 5 மில்லிகிராம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். புற்றுநோய் அடங்கியது. ஆட்கள் மட்டும் வேறு எதனாலோ போய்க்கொண்டிருந்தார்கள். 1960இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பல கூட்டாகச் சேர்ந்து, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் மாரடைப்பாலும் ரத்த உறைவாலும் இறந்தவர்கள் அதிகம். அடுத்து 1 மில்லிகிராமை வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோயை அடக்குவதில் அது 5 மில்லிகிராமுக்குக் குறைந்ததல்ல, இதயத்துக்கோ ஆபத்து குறைவு. ஐந்தில் ஒரு பங்கு போதுமாக இருந்த மருந்தை இருபது ஆண்டுகள் வாரி இறைத்திருக்கிறோம். ஹார்மோன் சிகிச்சை தொடங்குமுன் இதயத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

"விரையத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எங்கேர்ந்து ஹார்மோன் வருது, அதை அடக்க எதுக்கு மாத்திரை?" என்று பெரியப்பா இரண்டாம் மாலை கேட்டார். ஹக்கின்ஸ் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அறுவைக்குப் பிறகு நன்றாக இருந்தவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் நோய் திரும்பியது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சுரக்கின்றன. புற்றுச்செல் அந்தச் சிறு கசிவைக்கொண்டே பிழைக்கப் பழகிக்கொள்கிறது. இப்படி எண்ணிய ஹக்கின்ஸ், வில்லியம் ஸ்காட்டோடு சேர்ந்து சில நோயாளிகளின் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் அகற்றினார். 1945இல் அதை வெளியிட்டார்கள்.

அந்த நோயாளிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். அட்ரினல் வெறும் ஆண் ஹார்மோன் மட்டும் சுரப்பதில்லை. கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அங்கேதான் ஊறுகிறது. அது இல்லாமல் ரத்த அழுத்தமும் உப்பும் சர்க்கரையும் நிலைகொள்ளாது, உடம்பு ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. அந்தக் குறையை ஈடுகட்ட 1945இல் போதுமான மருந்து இல்லை. யோசனை சரி, ஆனால் நோயாளிகள் உயிர் தரிக்கவில்லை. கார்ட்டிசோன் மூட்டு வாதத்துக்கு முதலில் கொடுக்கப்பட்டது 1948இல். அது கைக்கு வந்த பிறகே, 1950களின் தொடக்கத்தில், ஹக்கின்ஸால் அட்ரினல் அறுவையை மறுபடி செய்ய முடிந்தது. பிரெட்னிசோலோன் விற்பனைக்கு வந்தது 1955இல்.

இதைச் சொல்லி நிறுத்தியபோது பெரியப்பா டின்னைத் திறந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடையில் ஊசிகளின் கதை ஒன்று உண்டு. விரையைச் சுரக்கச் சொல்லும் கட்டளை மூளையின் அடியிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கட்டளை எப்படிப்பட்ட பொருள் என்று கண்டுபிடிக்க நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஷாலி குழுவினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்து வடித்தார்கள். 1971இல் அதன் அமைப்பு தெரிந்தது: பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். 1977இல் ஷாலிக்கு நோபல். அந்தச் சரத்தைச் சற்றே மாற்றி, இடைவிடாமல் உடம்பில் இருக்கும்படி செலுத்தினால், ஓயாத கட்டளையில் பிட்யூட்டரி சுரப்பி களைத்து, செவிசாய்ப்பதையே நிறுத்திவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் விரை நீக்கிய அளவுக்கு இறங்கிவிடும். லூப்ரோலைடு 1985இலும் கோசரெலின் 1989இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கத்தி இல்லை, ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு இதயக் கேடும் இல்லை.

ஆனால் களைப்பதற்கு முன் பிட்யூட்டரி ஒருமுறை துள்ளி எழுகிறது. முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் இறங்காமல் ஏறும். முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கு அந்த இரண்டு வாரம் போதும்; கட்டி வீங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். அதனால்தான் ஊசிக்கு முன்போ ஊசியோடோ, புற்றுச்செல்லின் வாசலை அடைத்துக்கொள்ளும் புளூட்டமைடு அல்லது பைகலூட்டமைடு மாத்திரையைச் சில வாரம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததோடு சரி என்று சொல்ல எனக்கு ஆசை. 2003 வாக்கில் ஒரு மகன் என்னிடம் சீட்டை நீட்டினார். ஊசி வெளியே வாங்கிப் போட்டாகிவிட்டது, மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள், அது எங்களிடம் இருப்பு இல்லை. "ஊசியே அவ்வளவு விலை. மாத்திரை அவசியம் வாங்கணுமாக்கா?" என்று கேட்டார். "டாக்டர் எழுதினா வாங்கணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. பதினைந்து நாள் கழித்து அவருடைய அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. மாத்திரை வாங்கவில்லை. "சில வாரம்தான், அது இல்லேன்னா கால் விழுந்துடலாம்" என்று இன்னொரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பார்.

இந்தத் துள்ளல் இல்லாமல், கட்டளை வாங்கும் இடத்தையே நேராக அடைக்கும் ஊசி, டெகாரெலிக்ஸ், 2008இல் வந்தது. அதே வேலையைச் செய்யும் ரெலுகோலிக்ஸ் என்ற தினசரி மாத்திரைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரை என்றால் சுலபம் என்று தோன்றும். ஒவ்வொரு நாளும் மறக்காமல் போட வேண்டியது என்பதால், மறதி வந்துவிட்ட முதியவர் வீட்டில் ஊசியே எனக்கு நிம்மதி தரும்.

எலும்பைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வெகுகாலம் பிடித்தது. ஆண் ஹார்மோன் வற்றினால் எலும்பும் கரைகிறது. 2005இல் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நோய் கண்டு ஐந்து ஆண்டுகளாவது உயிரோடிருந்தவர்களில், ஹார்மோன் அடக்கும் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்திருந்தது, பெறாதவர்களில் 12.6. கால்சியம், வைட்டமின் டி, தினசரி நடை, எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் என்று மருத்துவர் சொல்வதன் பின்னணி இதுதான். எலும்பைக் காக்கும் ஊசி போடுமுன் பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் போய்விடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

மூன்றாம் மாலை அவருடைய நான்கு மாத்திரைகளுக்கு வந்தோம். ஹக்கின்ஸ் கத்தியால் செய்ததை அபிராடெரோன் மாத்திரையால் செய்கிறது. லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990களில் உருவான மருந்து இது. ஆண் ஹார்மோன் எங்கே தயாரானாலும், விரையிலோ அட்ரினலிலோ கட்டிக்குள்ளேயோ, அதற்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. ஆனால் அதே நொதியின் வழியாகத்தான் கார்ட்டிசாலும் தயாராகிறது. கார்ட்டிசால் குறைந்ததும் பிட்யூட்டரி பதறி, "இன்னும், இன்னும்" என்று அட்ரினலை விரட்டும். விரட்டப்பட்ட அட்ரினல் திறந்திருக்கும் ஒரே வழியில் ஓடுகிறது: உப்பையும் நீரையும் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் ஹார்மோன்கள் குவிகின்றன.

லண்டனில் நடந்த ஒரு முதற்கட்ட ஆய்வில் அபிராடெரோனைத் துணை மாத்திரை இல்லாமலே தொடங்கினார்கள். நோயாளிகள் 21 பேர். 2008இல் வெளியான அந்தக் கட்டுரையில் அவர்களிடம் கண்ட தொல்லைகளாக மூன்று சொல்லப்பட்டிருக்கின்றன: உயர் ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு, காலில் நீர் வீக்கம்.

பெரியப்பா தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அதன்பின் நடந்த பெரிய ஆய்வில் பிரெட்னிசோலோனின் உடன்பிறப்பான பிரெட்னிசோனைச் சேர்த்தே கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் அந்தச் சிறு அளவு ஸ்டீராய்டு பிட்யூட்டரியின் பதற்றத்தை அடக்கிவிடுகிறது. 2011இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது இந்த ஜோடிக்குத்தான். வாக்கிங் நண்பர் பயந்த ஸ்டீராய்டு வேறு: அதிக அளவில், மாதக்கணக்கில், வேறு நோய்க்குத் தருவது. இது உடம்பு இழந்ததை ஈடுகட்டத் தருவது. சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்தான். ஆனால் திடீரென்று நாமே நிறுத்துவது அபாயம்.

இட்லி விஷயம். இந்த மருந்து கொழுப்பில் கரைந்து ஏறுவது. கொழுப்பு மிகுந்த உணவோடு சாப்பிட்டால் உடம்பில் சேரும் மொத்த அளவு 10 மடங்குவரை கூடும் என்று அளந்திருக்கிறார்கள். இன்றைக்கு நெய்ப்பொங்கல், நாளைக்கு வெறும் இட்லி என்றால் மருந்தின் அளவு நாளுக்கு நாள் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. மாத்திரை போட்டபின் 1 மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. பால் விட்ட காபியும் உணவுதான் என்றபோது அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தக் குணத்தையே நன்மையாக்கலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. நான்குக்குப் பதில் ஒரே மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுத்து, 72 பேரிடம் சோதித்து, பி.எஸ்.ஏ. இறங்குவதில் அது பின்தங்கவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வை நடத்தியது ஹக்கின்ஸின் அதே சிகாகோ பல்கலைக்கழகம். மருந்துச் செலவில் முக்கால் பங்கு குறையும் என்பதால் நம் நாட்டிலும் சில புற்றுநோய் மருத்துவர்கள் இம்முறையைக் கையாளுகிறார்கள். முடிவு மருத்துவருடையது. நான்கு மாத்திரை எழுதியிருக்கும்போது நாமாக ஒன்றாக்குவதும், ஒன்று எழுதியிருக்கும்போது வெறும் வயிற்றில் போடுவதும் ஒரே அளவு தவறு.

பேரன் மனைவியைத் தனியே அழைத்துச் சொன்னேன். கருவில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்புகள் உருவாவதற்கே ஆண் ஹார்மோன் வேண்டும். அதைத் தடுக்கும் மாத்திரையைக் கருவுற்றவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது. பயந்துபோனாள். பூச்சு இல்லாத மாத்திரை என்பதால் இந்த எச்சரிக்கை, இனிமேல் தொடாதே, பிரசவ டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடு என்று தேற்றினேன். ஏப்ரலில் நல்லபடியாகப் பையன் பிறந்தான்.

பெரியப்பா மறுநாளே ஒரு நோட்டுப் போட்டார். கார்டு வண்டியில் எழுதிய பழக்கம், மணிக்கணக்கு விடாது. அவர் 2021இல் காலமான பிறகு பெரியம்மா அதை என்னிடம் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. 5.00 நாலு மாத்திரை, தண்ணீர், நானே எடுத்தது. 6.05 காபி. 7.30 இட்லி, வெள்ளை மாத்திரை 1. 8.15 பிரஷர். இரவு 8.00 ரசம் சாதம், வெள்ளை மாத்திரை 1. மாதம் ஒருமுறை சிவப்பு மையில் பொட்டாசியம், லிவர் டெஸ்ட், பி.எஸ்.ஏ. முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் மட்டும், ரயில்வே கையெழுத்தில், "1945" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறார்.